பேபி ஆஃப் முத்துப்பேச்சி

சீட்டில் அப்படித்தான் எழுதி வரும்.
பெயர் வைப்பதற்குள் காதைப் பார்க்க அனுப்பிவிடுகிறார்கள்.
பேபி ஆஃப் முத்துப்பேச்சி, ஆண், ஐம்பத்திரண்டு நாள்,
ஆலங்குளம் பக்கம் மாறாந்தை.

இரண்டு பஸ் மாறி
வண்ணார்பேட்டைக்கு வந்திருக்கிறாள்.
விடியற்காலையிலிருந்து பிள்ளையைத் தூங்கவிடவில்லையாம்,
நான் போனில் சொன்னபடி.
இங்கே வந்துதான் தூங்க வேண்டும்.
தூங்கினால்தான் கோடு பேசும்.

என் அறைக்குச் சுவரெல்லாம் பஞ்சு.
வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துச் சாகும்.
உள்ளே என் வளையல் சத்தம் எனக்கே அதிகம்,
கழற்றிப் பதினோரு வருஷம் ஆகிறது.

முதல் வேலை, நெற்றிப் பொட்டை அழிப்பது.
“அழிச்சுத்தான் ஆவணுமா?”
“ஆமாம்மா, ஒயர் ஒட்டாது.”
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
இன்னொருத்தி கண் படாதிருக்க வைத்ததை
இன்னொருத்தியாகிய நான் அழித்தேன்.

நெற்றியில் ஒன்று, காதுகளுக்குப் பின்னே ஒவ்வொன்று.
பசை சில்லென்று இருக்கும்.
விரல்களுக்கிடையில் கொஞ்சம் சூடாக்கித்தான் வைப்பேன்.
அப்படி வைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை.
வைக்காதே என்றும் சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த வருஷம்
ஒரு பெண்பிள்ளையைக் கொஞ்சிவிட்டேன்.
கன்னத்தில்கூட இல்லை, குதிகாலில்.
களக்காட்டுக்காரி, அதன் தாய், கேட்டாள்:
“ஒங்களுக்குப் பிள்ள இல்லையா சிஸ்டர்?”

நான் சிஸ்டரும் இல்லை.
பிள்ளை இரண்டு இருந்தது.
மூத்தவன் அப்போது தினமும்
என் மூக்குக்கண்ணாடியை எச்சிலாக்கிக்கொண்டிருந்தான்.
இல்லாமையால் இல்லையம்மா, பழக்கதோஷம்
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
அவள் முந்தானையால் அந்தக் குதிகாலைத் துடைத்தாள்,
கோபமே இல்லாமல்,
சோறு சிந்திய இடத்தைத் துடைப்பதுபோல.

டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

பெட்டி டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது.
வலது காதில் மேடும் பள்ளமுமாய் அலை வந்தது.
இடதுக்கு மாற்றினேன்.
அறுபது. எழுபது. தொண்ணூறு.
கோடு படுத்தே கிடந்தது.

முத்துப்பேச்சியும் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள்.
பீடி இலைக் கத்தரி அழுத்தித் தழும்பேறிய பெருவிரல்
மடியில் மல்லாந்து கிடந்தது.

அந்த இடது காதில் நான் ஒரு முத்தம் வைத்தால்
அவனுக்கும் கேட்காது, அவளுக்கும் கேட்காது.
திரையில் மட்டும் ஒரு கோணல் விழும்.
பிள்ளை அசைந்தது என்று டாக்டர் நினைத்துக்கொள்வார்.

குனியத்தான் செய்தேன்.
தாய்ப்பாலும் கோரோசனையும் கலந்த வாசம்.
அதோடு நிமிர்ந்தேன்.

பிறகு பஞ்சை வெந்நீரில் நனைத்துப்
பசையைத் துடைத்தேன்.
அரை நிமிஷ வேலை.
மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பினால், அவள் விழித்திருந்தாள்.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.
“கேக்குதா அவனுக்கு?”
“டாக்டர் சொல்லுவாங்க.”
என் முகத்துக்கும் பஞ்சுச் சுவர் உண்டு.
அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பையிலிருந்து மை டப்பாவை எடுத்து
முன்னைவிடப் பெரிதாய் ஒரு பொட்டு வைத்தாள்.

வாசலில் நின்று,
“அவுக அப்பாவுக்கு ஒரு போன் அடிச்சிட்டு வாரேன்,
இவனைச் சித்த பிடிங்க”
என்று கேட்காமலே தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

பசித்தவன்.
என் கழுத்தில் வாயை வைத்துத் தேடினான்,
காலர் நனைய,
தான் யாருடையவன், நான் யாருடைய ஆள்
என்பதெல்லாம் தெரியாமல்.
நான் கையை அவன் முதுகில் வைத்தேன்,
விழாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.
கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

அடுத்த சீட்டு வந்துவிட்டது.
பேபி ஆஃப் ரஹ்மத் நிஷா, மேலப்பாளையம்,
பதினாறு நாள்.
குழாயைத் திறந்து கழுவிக்கொண்டேன்,
கையை மட்டும்.